இழை: 'சர்வைவர்' - தமிழில் என்ன? (அவசரம்)

கொங்கன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களின் அனுபவம் பற்றி ஓர் ஆய்வு. அதன் ஒப்புதல் படிவத்தையும் நேர்காணல் கேள்விகளையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை நெறிமுறைக் குழுவுக்குப் போயாக வேண்டும். 'கேன்சர் சர்வைவர்' (புற்றுநோய் வந்தும் உயிரோடு இருப்பவர்) என்ற சொல் மட்டும் இடிக்கிறது. இப்போதைக்கு 'மீண்டவர்' என்று போட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல். இந்தச் சொல்லை மருத்துவத்தில் பரப்பியவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன். அமெரிக்க மருத்துவர், அவருக்கே புற்றுநோய் வந்தது. குணமானவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரிப்பது நோயாளியின் வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று 1985இல் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு அவரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே ஒருவர் சர்வைவர்தான் என்று வரையறுத்தது. ஆக, நேற்று ஊசி போட ஆரம்பித்தவரும் இதில் அடக்கம்.

பொருநை எழுதியது:

> இப்போதைக்கு 'மீண்டவர்' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம். மீளுதல் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல். நம்மிடம் 'உய்' இருக்கிறது. உய்ந்தவர் என்று சொல்லலாமே. 'பிழைத்தவர்' என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இரண்டும் ஒரே குறளில் வருகின்றன:

எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார்
பெரியார்ப் பிழைத்தொழுகு வார். (896)

உய்தல் உயிர் தப்புவது; பிழைத்தல் குற்றம் செய்வது. இதைவிடத் தெளிவு வேண்டுமா? உயிர், உயிர்ப்பு, உய்வு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாக எழுதுகிறேன்.

நெய்தல் எழுதியது:

ஐயா, 'உயவு' என்றால் வருத்தம். அதுவும் அதே வேரா? விரிவாக எழுத வேண்டாம், திங்கட்கிழமை வருகிறது.

செவிலி எழுதியது:

கதிர்வீச்சுப் பிரிவின் சுவரில் அந்தக் குறளின் முதல் மூன்று சீரை மட்டும் எழுதி வைக்கலாம், பொருத்தமாக இருக்கும்! ஆனால் 'உய்ந்தவர்' என்று படிவத்தில் போட்டால் தேவார வகுப்புக்குக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

'மீண்டவர்' வேறு விதமான ஆபத்து. வரைவை நேற்று ஒரு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நோய் திரும்பாமல் இருக்க டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர். அது 5 வருடம், சிலருக்கு 10 வருடம் கூடப் போகும். அவர் கேட்டது: "மீண்டவர்னு போட்டிருக்கே, அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?"

இன்னொன்று, இவர்கள் யாரும் தங்களுக்கு ஒரு பட்டம் சூட்டிக்கொள்வதில்லை. "கட்டி எடுத்தாச்சு, செக்கப்புக்கு வந்துட்டிருக்கேன்" என்பார்கள். நோயின் பெயரே வாயில் வராது.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் 'பிழை' என்றால் முதலில் தவறுதான் ஞாபகம் வரும். 'தப்பினவர்' என்றால் போரில் அல்லது சுனாமியில் தப்பினவர். தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போற ஒரு மனுசியிட்ட அந்தச் சொல்லைக் குடுத்தால் அவ வேற கதை சொல்லத் தொடங்குவா. 'வென்றவர்' என்றும் யாரும் சொல்லாதேங்கோ. அப்ப செத்தவர்கள் தோற்றவர்களோ?

நெய்தல் எழுதியது:

சர்வைவர் என்றே விட்டுவிட்டால்?

செவிலி எழுதியது:

டிவியில் தீவில் கொண்டுபோய் விடுவார்களே, அதுவா என்று கேட்பார்கள்.

நெய்தல் எழுதியது:

சரி, 'எஞ்சியோர்'?

பொருநை எழுதியது:

எஞ்சியது எச்சம். காக்கை இடுவதும் அதுவே. (தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலும் எச்சவியல்தான், அது வேறு.) உயிரோடு இருப்பவரை மிச்சம் மீதி ஆக்காதீர்கள்.

நெய்தல் எழுதியது:

'எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்' என்று எழுதுகிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. அதே வழியில் 'புற்றுநோய் கண்டு வாழ்பவர்' என்று சொல்லலாமே. நோய் எலும்புக்குப் பரவி, முழுதாகக் குணமாகாது என்று தெரிந்தும் மருந்தோடு பல வருடம் வாழ்கிறவர்களையும் இது விலக்காது. வேறு எந்தச் சொல்லிலும் அவர்களுக்கு இடமில்லை.

பொருநை எழுதியது:

'கண்டு' என்பதற்கு எழுவாய் யார்? மருத்துவரா, நோயாளியா? தவிர, இது கலைச்சொல்லா வாக்கியமா?

செவிலி எழுதியது:

ஐயா, 'அம்மை கண்ட பிள்ளை' என்று ஊரில் சொன்னால் எழுவாய் கேட்பீர்களா? இந்தத் தொடரை இன்று மூன்று பேரிடம் வாசித்தேன். யாரும் நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

கொங்கன் எழுதியது:

படிவத்தில் 'புற்றுநோய் கண்டு வாழ்பவர்' என்றே போகிறது. பெரும்பாலோர் ஆதரவு, அல்லது பெரும்பாலோர் களைத்துவிட்டார்கள். கலைச்சொல் பட்டியலில் 'உய்ந்தவர்' என்பதையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

பொருநை எழுதியது:

பக்கத்தில் அல்ல, முதலில் போட வேண்டும். என் மறுப்பைப் பதிவு செய்க.

கொங்கன் எழுதியது:

பதிந்தாயிற்று. 14ஆம் கேள்வி: அக்குளில் நிணநீர்க்கணு (லிம்ப் நோட்) எடுத்த பிறகு வரும் கைவீக்கம். 'நிணநீர்த் தேக்கம்' என்று போடவா?

செவிலி எழுதியது:

'கை வீக்கம்' போதும். அப்படித்தான் சொல்கிறார்கள்.

பொருநை எழுதியது:

நிணம் என்பது சங்க இலக்கியத்தில் கொழுப்பு. நிணநீர் என்ற சொல்லே முதலில் தவறு. விரிவாக எழுதுகிறேன்.