விடியச் சாப்பாட்டை முதல்நாள் இரவே செய்து வைத்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

துணுக்காய் மருமகள்

அரிவி வெட்டுக் காலத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் விடிய நாலரைக்கே வெளிக்கிட்டு விடுவார்கள். வெட்டு மெஷின் யாருடைய வயலுக்கு முதலில் வரும் என்று தெரியாது. வருகிற நேரம் வரம்பில் ஆள் நிற்க வேண்டும். அதற்கு முன் புட்டு அவித்துக் கறியும் வைக்க வேண்டுமென்றால் நான் இரண்டரைக்கு எழும்ப வேண்டும். அதனால்தான் ஸ்காபரோவில் இருக்கும் சித்தி போனில் சொன்ன கஸரோலைச் செய்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பாணை அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, இரவு பிரிட்ஜில் ஊறவிட்டு, விடிய ‘அவன்’ (oven) அடுப்பில் வைப்பது. சித்தி சொசேஜ் போடச் சொன்னார். நான் மிஞ்சிய கோழிக்கறியில் இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, லீக்ஸும் பச்சை மிளகாயும் வதக்கிச் சேர்த்தேன்.

நான் சொல்ல வந்தது மாமாவைப் பற்றி. அவர் நெற்றியில் ரோச் லைட் கட்டியபடியே சாப்பிட இருந்தார். தட்டைப் பார்த்தார். அந்த வெளிச்சம் தட்டில் விழுந்து கனநேரம் அசையவே இல்லை. பிறகு ஒரு துண்டு சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பின்வளவில் வாழையிலை கிழித்து வந்து, இன்னும் இரண்டு துண்டை அதில் வைத்து மடித்து, நாரால் கட்டிக் கொண்டு போய்விட்டார்.

வயலில் அவர்தான் சாப்பிட்டாரா, வேறு யாருக்கும் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமியிடம் கேட்டேன். “அவர் எந்தக் காலத்தில சாப்பாட்டைப் பற்றிக் கதைச்சவர்?” என்றார். அதற்குப் பிறகு நானும் அதைச் செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்படி யாருக்கும் நடந்திருக்கிறதா?

புதுக்குடியிருப்பு அண்ணை

தங்கச்சி, உங்கள் மாமாவுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் வயலுக்குப் போகிறவனுக்குப் பாண் ஒரு சாப்பாடு இல்லை. எட்டு மணிக்கே பசி கிள்ளத் தொடங்கிவிடும். இரவே ஆயத்தமாகிற விடியச் சாப்பாடு எங்களிடம் எப்போதும் இருந்தது, பழஞ்சோறு. அதை விட்டுவிட்டு அவனும் பிரிட்ஜும் எதற்கு?

எங்கள் அம்மம்மா இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைப்பார். மொட்டைக்கறுப்பன் அரிசி. விடிய அந்தத் தண்ணீரை வடித்து, முதல்நாள் மீன்குழம்பு, தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழைப்பார். நாங்கள் அவரைச் சுற்றி இருந்து கையை நீட்டுவோம். உள்ளங்கை நிறைய ஒரு உருண்டை வரும். பெரிய மாமாவுக்குப் பெரிய உருண்டை, எனக்குச் சின்னது. ஒருநாள் எனக்கும் பெரிய மாமா அளவில் ஒரு உருண்டை வைத்தார். “இண்டைக்கு நீயும் வயலுக்குப் போறாய்” என்றார். கையில் அந்தப் பாரம் இறங்கியது எனக்கு இன்றும் தெரிகிறது. அந்தப் போகம்தான் நான் முதன்முதல் கதிர் கட்டியது.

சட்டியின் அடியில் ஒட்டியதை அவர் கடைசியாக வழித்துச் சாப்பிடுவார். தனக்கென்று உருண்டை பிடித்ததை நான் கண்டதில்லை.

பரந்தன் ரீச்சர்

அண்ணை சொல்வது சரி, ஆனால் வயலுக்குப் போகிறவர்கள் மட்டும் குடும்பத்தில் இல்லையே. ஆறரைக்குப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், நான் ஏழரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பாண்–முட்டை எனக்குப் பெரிய கை. கரட், லீக்ஸ், ஒரு பிடி முருங்கையிலை, கொஞ்சம் சீஸ். சின்னவன் மரக்கறி சாப்பிடுவது அதில் மட்டும்தான்.

நான் எழுத வந்தது 2022இல் நடந்ததை. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. பக்கத்து வீட்டு அக்காவிடம் பசுப்பால் வாங்கி, முட்டைகளைச் சேர்த்து வைத்து, இரவு கரண்ட் வந்ததும் எல்லாம் அடித்து ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன். நாங்கள் படுத்த பிறகு ஏதோ பழுதில் கரண்ட் திரும்பவும் போய்விட்டது. விடியும் வரை வரவில்லை.

ஐந்து மணிக்குப் போன் வெளிச்சத்தில் கதவைத் திறக்கிறேன், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கண்ணாடித் தட்டின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். குளிரே இல்லை. மூடியைத் திறக்க மெல்லிய ஒரு புளிப்பு மணம். பக்கத்தில் சின்னவன் கரண்டியோடு நிற்கிறான். “அம்மா, அவிச்சால் சரிவரும்தானே?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்ல மனம் வரவில்லை. தட்டைத் தூக்கிக் கொண்டுபோய்த் தென்னையடியில் கவிழ்த்தேன். கோழிகள் ஓடி வந்து கொத்தின. அவன் படியில் நின்று அதைப் பார்த்தான். வெறும் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் குடித்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

அந்த நேரத்து முட்டை விலை நினைத்தால் வயிறு எரியும். ஆனால் என்னைக் குடைவது முட்டை இல்லை, அவன் அந்தப் படியில் நின்றதுதான்.

மாங்குளம் போறணை

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். நான் பாண் போடுகிறவன். என் கதை சின்னது: ஒருவர் விடியக் கடைக்கு வந்து, “நேற்று உன்னட்டை வாங்கின பாணில மனுசி கஸரோல் செய்தவ, கூழாய்ப் போச்சு” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். முதல்நாள் பின்னேரம் போறணையால் இறக்கிய சூட்டோடு அவர் கொண்டுபோன பாண் அது. ஆட்கள் நின்றதால் நான் திரும்பக் கதைக்கவில்லை. அது இன்னும் எனக்குள் நிற்கிறது. அதனால் இங்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

புதுப்பாணுக்குள் ஈரம் இருக்கிறது. அதற்குமேல் பாலை ஊற்றினால் உள்ளே போக இடமில்லை, சதை கரைந்துவிடும். முதல்நாள் பாண், ஏலுமென்றால் இரண்டுநாள் பாண் எடுங்கள். துண்டு வெட்டிச் சுளகில் பரப்பி ஒரு பின்னேரம் காயவிட்டால் இன்னும் நல்லது. அச்சுப்பாணை விட ரோஸ்பாண் திறம், அதன் தோல் ஊறினாலும் கடிபடும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அதற்கு ஏழெட்டு முட்டை, அரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே பால். பால் கூடினால் நடுப்பகுதி இறுகாது. வெங்காயம், லீக்ஸ், காளான், கீரை எதுவானாலும் பச்சையாகப் போடக் கூடாது. இரவு முழுவதும் தண்ணீர் விடும். வதக்கி, ஆறவிட்டுப் போடுங்கள். சூட்டோடு முட்டைக்குள் கொட்டினால் முட்டை அங்கேயே திரண்டுவிடும். உப்பைப் பார்த்துப் போடுங்கள், பாணிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அவனை 180 பாகையில் வையுங்கள், முக்கால் மணித்தியாலத்தில் இருந்து ஒரு மணித்தியாலம். மேல் சிவந்தவுடன் எடுத்து விடுகிறார்கள், உள்ளே பச்சையாக இருக்கும். நடுவில் கத்தியை விட்டு எடுத்தால் ஈரமாகப் பால் ஒட்டி வரக் கூடாது. வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 71 பாகை காட்ட வேண்டும், இறைச்சி போட்டிருந்தால் 74. மேல் முந்திச் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். முக்கியமாக, பிரிட்ஜால் எடுத்த கண்ணாடித் தட்டை நேரே கொதிக்கிற அவனுக்குள் தள்ளக் கூடாது, வெடித்துப் போகும். அரை மணித்தியாலம் வெளியில் வையுங்கள், அல்லது அலுமினியத் தட்டில் செய்யுங்கள். இறக்கியவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் விட்டால் துண்டு துண்டாக வரும்.

பாணில் குற்றம் சொல்ல முதல் இதை எல்லாம் பாருங்கள்.

துணுக்காய் மருமகள்

அண்ணை, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் என்னுடையது கூழாகவில்லை, நல்ல துண்டாகத்தான் வந்தது. நான் செய்முறை கேட்கவில்லை, மாமாவைப் பற்றித்தான் கேட்டேன்.

வவுனியா தாதி

பழஞ்சோறு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் இரவுக் கடமையில் ஒரு குடும்பம் முழுவதும் வாந்தியோடு வந்தது. கொண்டாட்ட வீட்டில் மிஞ்சிய பொரித்த சோற்றை விடியச் சூடாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். இரவு முழுவதும் குசினி மேசையில் இருந்த சோறு. எல்லோரும் தெளிந்து வந்த நேரம், கடைசிப் பிள்ளை கட்டிலில் எழும்பி இருந்து, “மிச்சம் இருக்கிறதை வீட்ட போய்ச் சாப்பிடலாமோ?” என்று என்னிடம் கேட்டது. அந்தக் குரல் போகவில்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டது.

சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமி வரும். அதன் வித்துகள் சமைத்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பரந்தன் ரீச்சரின் மகன் கேட்டதற்கும் இதே மாதிரித்தான் பதில். பழுதாகத் தொடங்கியதை அவித்துத் திருத்த ஏலாது. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், மூடியபடி நாலு மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். அதற்குமேல் போனால் பால், முட்டை, இறைச்சி சேர்ந்தது எதையும் நம்ப வேண்டாம். ரீச்சர் தென்னையடியில் கவிழ்த்தது மிகச் சரி.

புதுக்குடியிருப்பு அண்ணை

நேர்ஸம்மா, கொண்டாட்ட வீட்டுப் பொரித்த சோறும் பழஞ்சோறும் ஒன்றில்லை. எங்கள் சோறு தண்ணீருக்குள் கிடக்கிறது. விடிய அந்தத் தண்ணீர் புளித்திருக்கும். அந்தப் புளிப்புத்தான் அதைக் காப்பது. கண்ட கிருமியும் வளராது. மேசையில் எண்ணெயோடு கிடந்த சோற்றைக் கொண்டுவந்து அம்மம்மாவின் சட்டிக்கு மேல் பழி போட வேண்டாம்.

வவுனியா தாதி

அண்ணை, நான் சட்டியைப் பழிக்கவில்லை. புளித்த தண்ணீரில் கிருமிக்கு வாழ்வது கஷ்டம் என்பது உண்மை. ஆனால் புளிக்க முதல் சில மணித்தியாலம் இருக்கிறது. சோறு ஆறிய பிறகு, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, சுத்தமான சட்டியில் வையுங்கள். நீங்கள் சொன்ன முதல்நாள் மீன்குழம்பை மட்டும் விடியக் கொதிக்க வைத்துச் சேருங்கள். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டுக்காகத்தான் சொல்கிறேன்.

முள்ளியவளைப் பெரியம்மா

நீங்கள் சண்டை பிடியுங்கள், நான் என் கதையைச் சொல்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தங்கச்சியின் பிள்ளைகள் கனடாவில் இருந்து வந்து நின்றார்கள். வீடு நிறைய ஆட்கள். பெரியவள் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் இந்தக் கஸரோல்தான் செய்வாளாம். “பெரியம்மா, ஒருநாள் நீங்கள் படுங்கோ, விடியச் சாப்பாடு என்ரை பொறுப்பு” என்றாள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்துப் பொங்கல் முடியும் வரை எங்கள் வீட்டில் முட்டை எடுப்பதில்லை. அதனால் பொங்கலும் முடிந்து, அடுத்தநாள் இரவு பாணை ஊறவைத்தாள். விடிய எழும்பி, “அவன் எங்கே?” என்றாள். எங்களிடம் அவன் எங்கே இருக்கிறது!

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. நான் பெரிய அலுமினியப் பானையை எடுத்து, அடியில் ஆற்றுமணல் பரப்பி அடுப்பில் வைத்துச் சூடேற்றினேன். முன்னர் இடம்பெயர்ந்து இருந்த காலங்களில் நாங்கள் பிறந்தநாளுக்குக் கேக் போட்டது இப்படித்தான். மணலுக்கு மேல் தட்டை இறக்கி, மூடி, மூடிக்கு மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினேன். கீழே நெருப்பை இழுத்துவிட்டு மெல்ல எரியவிட்டேன். அவள் கைப்போனில் நேரம் பார்க்கிறாள், நான் மணத்தைப் பார்க்கிறேன். முதலில் பால் மணம், பிறகு முட்டை, பிறகு பாண் ஓரம் கருகத் தொடங்குகிற மணம் வரும். அதுதான் நேரம்.

மூடியைத் தணலோடு தூக்கினேன். உள்ளே அது பானை வாய்வரை பொங்கி எழும்பி நின்றது. மேலே செம்பொன் நிறம், நடுவில் ஒரு சின்ன வெடிப்பு, அதற்குள்ளால் ஆவி வருகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மெல்ல இறங்கித் தட்டோடு சமனானது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் விழுந்திருந்தது, அதைக் கரண்டியால் சுரண்டிவிட்டேன். அவள் படம் எடுக்க மறந்து நின்றாள். “அங்கை ஒருநாளும் இப்பிடி வாசம் வந்ததில்லை” என்றாள். சிரட்டைப் புகையின் வாசம் அது.

பெரியவர்கள் சம்பலோடு சாப்பிட்டார்கள். துணுக்காய்ப் பிள்ளை, உங்கள் மாமாவுக்கும் பக்கத்தில் ஒரு கட்டைச்சம்பல் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் உறைப்பில்லாமல் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மல்லாவி அம்மா

பாண் கிடைக்காத நாளில் நான் செய்வது இடியப்பத்தில். இரவு மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, வதக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரின்மீன் எல்லாம் கலந்து பிரிட்ஜில் வைத்துவிடுவேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் விடியத்தான். தேங்காய்ப்பால் எங்கள் வெக்கைக்கு இரவு தாங்காது. எண்ணெய் தடவிய தாச்சியில் அழுத்தி, மூடி, மெல்லிய நெருப்பில் வைத்தால் அடி மொறுமொறுவென்று பிடிக்கும்.

மகள் பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கு இதைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். மடியில் வைத்த பெட்டி வவுனியா மட்டும் சூடு விடவில்லை. வாசலில் அவளும் சிநேகிதப் பிள்ளைகளும் நின்றார்கள், அதில் இரண்டு பேர் சிங்களப் பிள்ளைகள். அறைக்குக் கொண்டுபோகட்டும் என்று நினைத்தேன், அவர்கள் மரத்தடி வாங்கிலேயே பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கரண்டி இல்லை. எல்லோரும் கையால் பிய்த்துச் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளை அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இருந்த துண்டுகளை மட்டும் தேடித் தேடி எடுத்தாள். என் மகளுக்கும் அந்தத் துண்டுதான் விருப்பம். அவள் ஒன்றும் சொல்லாமல், தன் கையில் இருந்த கடைசி மொறுமொறுத் துண்டையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

வீட்டில் அந்தத் துண்டுக்குத் தம்பியோடு அடிபடுகிறவள்.

இப்போது போகும்போதெல்லாம் பெரிய தாச்சியில், மெல்லியதாகப் பரப்பிச் செய்கிறேன். அடி கூட வரும். மாங்குளத்து அண்ணைக்கு ஒரு கேள்வி: அவனில் செய்தால் அடிப்பக்கம் இப்படிப் பிடிக்குமா? பிடிக்குமென்றால் தட்டைக் கீழ்த்தட்டில் வைப்பதா, நடுவில் வைப்பதா?

மாங்குளம் போறணை

கீழ்த்தட்டில் வையுங்கள் அக்கா. கண்ணாடி வேண்டாம், கறுத்த இரும்புத் தட்டு எடுங்கள். தட்டை வெறுமனே சூடாக்கி, எண்ணெய் விட்டு, அதற்கு மேல் இடியப்பத்தை அழுத்துங்கள். முட்டைப்பால் கொஞ்சமாக ஊற்றுங்கள், கூடினால் அடி அவியும், பிடிக்காது.