"தொகுதியில் எங்கள் ஆட்கள் 35 சதவீதம்": இந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியுமா?

கேள்வி

தேர்தல் வந்தாலே "இந்தத் தொகுதியில் அந்தச் சமுதாயம் 35 சதவீதம், ஓட்டு மொத்தமும் இந்தக் கட்சிக்குத்தான்" என்று அடித்துச் சொல்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வருகிறது? பூத் வாரி முடிவுகளை வைத்து எந்தச் சாதி யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்கலாமா? தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளுக்காகக் கேட்கிறேன்.

பதில் 1

முதலில் அந்த 35. எல்லாச் சாதிகளுக்குமான எண்ணிக்கை கடைசியாக வெளியானது 1931 கணக்கெடுப்பில். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரம் வெளிவரவில்லை. வாக்காளர் பட்டியலிலும் சாதிக்கென்று கட்டம் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை மட்டும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராமம் வரை கிடைக்கும். மற்றதெல்லாம் கட்சிகளும் சங்கங்களும் போடும் உத்தேசக் கணக்கு. சீட்டுப் பேரமே அந்த எண்ணை வைத்து நடப்பதால் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

பெயரை வைத்து ஊகிக்கும் வழியும் இங்கே உதவாது. வடக்கே பெயருக்குப் பின்னால் பட்டம் வரும்; நம்மிடம் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து.

பதில் 2

பூத் கணக்கு படிவம் 20இல் இருக்கிறது; தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். பூத்துக்கு ஒரு வரி, வேட்பாளருக்கு ஒரு பத்தி. தபால் ஓட்டு அடியில் மொத்தமாக வரும், அதை ஒதுக்கிவிடுங்கள். கூடவே வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுங்கள், எந்தத் தெரு எந்த பூத்தில் என்பது அதில்தான் தெரியும். இரண்டு தேர்தல்களை ஒப்பிட்டால் பூத் எண்ணை நம்பாதீர்கள். நடுவில் ஒரு பூத் பிரிந்தாலே பின்னால் வரும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். தெருப் பெயரை வைத்துப் பொருத்துங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். ஒரு பூத்தில் 800 ஓட்டு பதிவானது, அதில் 480 ஒரு சாதி, 320 மற்றவர்கள் என்று வையுங்கள். ஒரு கட்சிக்கு 500 கிடைத்திருக்கிறது. மற்ற 320 பேரும் அந்தக் கட்சிக்கே போட்டிருந்தால் அந்தச் சாதியிலிருந்து வந்தது 180தான். இல்லையென்றால் 480 வரை போகலாம். அதாவது 37.5 சதவீதமும் சரி, 100 சதவீதமும் சரி! இந்த பூத்திலிருந்து ஒன்றுமே சொல்ல முடியாது.

அதே 800இல் 720 பேர் ஒரே சாதி என்றால் விடை 420க்கும் 500க்கும் நடுவில், சுமார் 58 முதல் 69 சதவீதம். ஊரும் காலனியும் தனித்தனி பூத்தாக உள்ள இடங்களில்தான் இந்த நெருக்கம் கிடைக்கும். அப்போதும் அந்த முடிவைக் கலந்து வாழும் டவுன் தெருக்களுக்கு நீட்டக் கூடாது.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் சாதி ஓட்டு என்பதே கட்டுக்கதையா?

பதில் 3

இல்லை. ஆனால் அது வேலை செய்யும் இடம் வேறு. வாக்குப் பெட்டிக்கு முன்பே, வேட்பாளர் தேர்விலேயே சாதி தன் வேலையை முடித்துவிடுகிறது. பெரும்பான்மைச் சாதி எதுவோ அதிலிருந்தே இரண்டு பெரிய கட்சிகளும் ஆளை நிறுத்தினால், வேட்பாளரின் சாதி இரண்டு பக்கமும் சமமாகிவிடும். பிறகு முடிவு செய்வது கூட்டணியும் கட்சிப் பிடிப்பும் ஆட்சி மீதான கோபமும்தான். சிறு சாதிகளிலிருந்து வருபவருக்குச் சீட்டே கிடைக்காது. இதன் உண்மையான அநியாயம் அதுதான், ஓட்டுக் கணக்கில் அது தெரியாது.

வன்னியர்களை அடித்தளமாகக் கொண்ட பாமகவைப் பாருங்கள், 2016இல் தனியாக நின்றது. மாநில அளவில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. 2021இல் அதிமுக கூட்டணியில் 23இல் நின்று 5இல் வென்றது. பட்டியல் சாதியினரை அடித்தளமாகக் கொண்ட விசிக அதே 2021இல் திமுக கூட்டணியில் 6இல் 4 வென்றது. அதில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத்தொகுதிகள். தன் சாதி ஓட்டு மட்டும் இருந்தால் இது நடக்காது. 44 பட்டியல் சாதித் தனித்தொகுதிகளையும் பாருங்கள்: வேட்பாளர் எல்லோரும் பட்டியல் சாதியினர், வாக்காளரில் பெரும்பகுதி மற்றவர்கள்.

பதில் 1

கருத்துக்கணிப்பு எடுப்பதாக இருந்தால் ஒன்று. 1,000 பேரில் ஒரு சாதி 180 பேர் என்றால் அந்த 180க்குப் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 7 புள்ளி. அந்த 180 பேரில் ஒரு கட்சிக்கு 48 சதவீதம், இன்னொன்றுக்கு 44 என்று வந்தால் யார் முன்னிலை என்று சொல்லாதீர்கள். சாதிக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்டால் அடுத்த பதில்கள் எல்லாம் அதன் பக்கம் சாயும். ஓட்டு யாருக்கு என்பதை வாயால் கேட்காமல் மாதிரி வாக்குச்சீட்டில் குறித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது வாயால் வரும் பதில் வேறாக இருக்கும்.