வீட்டு மேசையில் விமானம்: வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் வாருங்கள், பேசுவோம்

ஓடுபாதை07 (சேலம்):

புதிதாக ஃப்ளைட் சிமுலேட்டருக்கு (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள்) வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த ஜாய்ஸ்டிக் என்பதுதான். கேட்டு, விசாரித்து, செலவழித்து வாங்கியும் விடுகிறார்கள். அதில் பாதிப் பேருடைய ஜாய்ஸ்டிக் அடுத்த தீபாவளிக்குள் பரண்மேல் ஏறிவிடுகிறது. பரண் ஏறாமல் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களை விடாமல் பிடித்து வைத்திருப்பது எது? நடந்ததைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 காலத்து ஆள். ரைட் சகோதரர்கள் பறந்த நூற்றாண்டையொட்டி 2003-ல் வந்த பதிப்பு அது. எல்லாரையும் போல நானும் ஜம்போ ஜெட்டை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் நுழைந்தவன்தான். அந்த ஆட்டம் சீக்கிரமே சலித்துவிடும். 2006-ல் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தது. 2009-ல் மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய ஸ்டூடியோவையே மூடியது. எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினோம். 2020-ல் செயற்கைக்கோள் படங்களோடு புதுப் பதிப்பு வந்தபோது எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன்: என் வீட்டுக் கூரையைத் தேடினேன். அதுவும் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கியது.

என்னைப் பிடித்து நிறுத்தியது தபால். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து புஸ் மாத் (Puss Moth) என்ற சின்னஞ்சிறு விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜுஹு போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தார். இந்தப் பாதையை அதே போல வரைபடம், திசைகாட்டி, கைக்கடிகாரம் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஜி.பி.எஸ். கிடையாது, ஆட்டோபைலட் கிடையாது, நேரத்தை ஓட்டிவிடும் பொத்தானும் கிடையாது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்து, வேகத்தை 90 நாட்டுக்கு (மணிக்கு 90 கடல் மைல்) குறைத்துக்கொண்டேன்.

கராச்சியிலிருந்து அகமதாபாத் ஏறக்குறைய 320 கடல் மைல். 90 நாட்டில் மூன்றரை மணி நேரம். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே கட்ச் ரண் வந்துவிடும். கீழே வெள்ளை உப்புவெளி. ஆறு இல்லை, ரோடு இல்லை, ரயில் தண்டவாளம் இல்லை, வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட ஒன்றுமே இல்லை. பக்கவாட்டில் 10 நாட் காற்று அடித்தால் இந்த வேகத்தில் விமானம் ஆறு டிகிரிக்கு மேல் விலகும். ஒரு டிகிரி பிசகினால் 60 மைலுக்கு ஒரு மைல் தள்ளிப் போவோம். திருத்தாமல் விட்டால் அகமதாபாத் வரும்போது ஊர் முப்பது மைலுக்கு அப்பால் இருக்கும், நம் கண்ணுக்கே படாது.

அந்தக் காலத்து விமானிகள் இதற்கு வைத்திருந்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊரைக் குறிவைத்துப் பறக்கக் கூடாது. வேண்டுமென்றே கொஞ்சம் வடக்கே தள்ளிக் குறிவைக்க வேண்டும். சபர்மதி ஆறு தென்பட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற குழப்பமே இல்லை: வலது பக்கம், ஆற்றோடு போனால் ஊர். நேராகக் குறிவைத்தவனுக்குத்தான் ஆற்றைப் பார்த்ததும் வடக்கா தெற்கா என்ற திண்டாட்டம்.

அன்று அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்ததாம். நமக்கு அந்தக் கவலை இல்லை, மெனுவில் ஒரு சொடுக்கு. ஜுஹுவிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி, பெல்லாரியில் அந்த ஒற்றைப் பாறைக் கோட்டையை அடையாளம் வைத்து இறங்கி, அப்புறம் சென்னை. கிழக்கு நோக்கிய 07 ஓடுபாதைக்கு இறங்கும்போது இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி வரும். சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பிரித்துப் பிரித்து ஓட்டினேன். அதற்குப் பிறகு சும்மா எடுத்துச் சுற்றுவது என்பதே விட்டுப்போயிற்று. விமானத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், எதையோ எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டாட்டா இதே பயணத்தை 1982-ல், 78 வயதில், மறுபடியும் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஆகவே வயதாகிவிட்டது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

பலாலிக்காரன் (ஸ்கார்பரோ):

நல்ல பதிவு. நான் கனடாவில் இருக்கிறேன், பூர்வீகம் மயிலிட்டி. தெரியாதவர்களுக்கு: பலாலி விமானத் தளத்தை ஒட்டிய கரையோரக் கிராமம். 1990-ல் ஊரோடு இடம்பெயர்ந்தது. துறைமுகப் பகுதி 2017-ல்தான் விடுவிக்கப்பட்டது.

எனக்கும் ஒரு வேலை வந்து வாய்த்தது. பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானத்தில் சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2023-ல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஏடிஆர் 72-600 வெளிவந்ததும் வாங்கிவிட்டேன். சென்னையிலிருந்து பலாலி இருநூறு கடல் மைல்கூட இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் படுக்கப் போகுமுன் இறங்கிவிடலாம். அட்லாண்டிக்கைக் கடக்கும் எட்டு மணி நேரப் பறப்பு வேலைக்குப் போகிற மனுசனுக்குச் சரிவராது. நீண்டகாலம் இதில் இருக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு மணித்தியாலப் பாதை ஒன்றைப் பிடியுங்கள்.

ஏடிஆர் சோம்பேறிகளுக்கான விமானம் இல்லை. எயார்பஸ் மாதிரி தானாக வேகத்தைப் பார்த்துக்கொள்ளாது, பவர் லீவர் உங்கள் கையில். இறங்கும்போது நேரத்தோடு வேகத்தைக் குறைக்காவிட்டால் ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்புற மடிப்புத் தகடுகள்) போட முடியாது, போடாவிட்டால் இறங்க முடியாது.

ஒருநாள் அப்பா பின்னால் வந்து நின்றார். அவருக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. வழமையான பாதையை விட்டுவிட்டு, செஸ்னாவில் பருத்தித்துறை வெளிச்சவீட்டிலிருந்து கரையோரமாகத் தாழப் பறந்து காட்டினேன். வல்வெட்டித்துறை, மயிலிட்டி, காங்கேசன்துறை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் மெல்லமாப் போ" என்றார். அதற்குமேல் மெல்லப் போனால் விழுந்துவிடும் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு மாவிட்டபுரம் கோயிலைத் தேடினார். சிமுலேட்டர் செயற்கைக்கோள் படத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் தன் பாட்டுக்குப் பொதுவான வீடுகளை நட்டுவைக்கும். கோபுரத்துக்கு எங்கே போவது? "கோயில் இல்லாத மாவிட்டபுரம் என்ன மாவிட்டபுரம், கம்பெனிக்காரனுக்குக் கடிதம் போடு" என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார். இப்போது நான் கட்டட மாதிரிகள் செய்யும் மென்பொருள் படித்துக்கொண்டிருக்கிறேன். பறப்பது குறைந்து கோபுரம் கட்டுவது கூடிவிட்டது. அதுவும் இந்தப் பொழுதுபோக்கில் சேர்த்திதானே?

கோபுரக்குரல் (சென்னை):

நீங்கள் இருவரும் சென்னைக்கு வருகிறீர்கள், போகிறீர்கள். உங்களை இறக்குவது யார்? நான் விமானம் ஓட்டுவதே இல்லை. சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் இணையத்தில் கூடும் வாட்சிம் வலையமைப்பில் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறேன். கட்டணம் எதுவும் கிடையாது, எல்லாரும் விருப்பத்தின் பேரில் வருகிறவர்கள். யூரோஸ்கோப் என்ற மென்பொருளில் ரேடார் திரை, ஒரு ஹெட்செட், அவ்வளவுதான். ஆனால் படித்துத் தேர்வு எழுதாமல் உட்கார விடமாட்டார்கள். தரைக் கட்டுப்பாடு, டவர், அப்ரோச் (இறங்க வரும் விமானங்களை வழிநடத்துவது) என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஏன் ஓட்டவில்லை என்று கேட்பார்கள். என் கம்ப்யூட்டருக்கு அந்தச் சக்தி இல்லை என்பது ஒரு காரணம். பதினைந்து பேரை ஒரே வரிசையில் கொண்டுவருவது ஒன்றை ஓட்டுவதைவிடச் சுவாரசியம் என்பது இன்னொன்று.

இந்த வலையமைப்பில் உண்மையான வானிலைதான் ஓடும். கோடையில் காலை வேளைகளில் சென்னையில் மேற்கிலிருந்து காற்று. ஓடுபாதை 25 (மேற்கு நோக்கி இறங்குவது), விமானங்கள் கடல் பக்கமிருந்து நகரத்துக்கு மேலாக வரும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் காற்று அப்படியே கிழக்குக்குத் திரும்பிவிடும். உடனே 07, அதே ஓடுபாதையின் மறுமுனை. அந்த நேரத்தில் 25-க்கு வரிசையில் இருக்கிற அத்தனை பேரையும் எதிர்ப்பக்கத்துக்குச் சுற்றிவிட வேண்டும். சன்னலுக்கு வெளியே நிஜமாகவே கடற்காற்று வந்து திரைச்சீலை ஆடும்போது எனக்கு வயிற்றில் புளி கரையும். வீட்டில் மற்றவர்கள் அப்பாடா என்று காற்று வாங்குவார்கள்.

மதுரையிலிருந்து வாராவாரம் ஒருவர் வருவார். நிதானமான குரல், சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். வேறு ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை, விமான ஆங்கிலம் மட்டும்தான். ஒருமுறை எழுத்துச் செய்தியில் விசாரித்தேன். அரசுப் பேருந்தில் மதுரை-சென்னை ராத்திரி சர்வீஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். பேரன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறான். "ரோட்ல எட்டு மணி நேரம்மா. இதுல இட்லி ஆறுறதுக்குள்ள வந்துர்றேன்" என்று எழுதினார். ஓடுபாதை மாறிய ஒரு நாள் அவரை வானத்தில் வட்டமடிக்க வைத்துவிட்டு, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று அனுப்பினேன். பதில் வந்தது: "டோல்கேட் வரிசைக்கு இது எவ்வளவோ தேவலை."

அவருடைய இறக்கத்தைப் பார்க்க வேண்டும். வேகம், உயரம், தூரம் மூன்றும் நான் சொல்வதற்கு முன்பே சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டால் மூன்றால் பெருக்குவேன் என்கிறார். முப்பதாயிரம் அடி இறங்க வேண்டுமென்றால் முப்பதை மூன்றால் பெருக்கி, தொண்ணூறு மைலுக்கு முன்னால் தொடங்குவது. தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் கடைசிக் கட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது வரும், 140 நாட்டுக்கு 700 அடி. எல்லா விமானியும் படிக்கிற கணக்குதான். கம்ப்யூட்டர் போட்டுத் தரும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், இவர் விடவில்லை.

முதல்தனி (பயிற்சி மாணவன்):

உங்கள் உற்சாகத்தில் நான் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறேன். பள்ளி நாளிலிருந்து சிமுலேட்டர் ஓட்டி, இப்போது நிஜப் பயிற்சியில் இருக்கிறேன். ரேடியோ பேச்சு, செக்லிஸ்ட், வி.ஓ.ஆர். (திசை காட்டும் ரேடியோ நிலையம்) பிடிப்பது எல்லாம் எனக்கு முதல் வாரத்திலேயே கைவந்தது. கூடப் படிப்பவர்கள் பொறாமைப்பட்டார்கள். பயிற்றுநருக்கு மட்டும் மகிழ்ச்சியில்லை. இரண்டாவது நாளே ஒரு வரைபடத்தை எடுத்துக் கருவிப் பலகையை மூடிவிட்டார். "நீ ஸ்கிரீன் பார்த்து வளர்ந்த பையன். வெளியே பார்" என்றார். சிமுலேட்டரில் பழகியவர்கள் எல்லாரும் முள்ளையே பார்த்து ஓட்டுவார்களாம். அவருக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிடுமாம்.

ட்ரிம் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நிஜ விமானத்தில் மூக்கு கீழே அழுத்தினால் கையில் அந்தப் பாரம் தெரியும். ட்ரிம் சக்கரத்தைத் திருப்பத் திருப்பப் பாரம் குறைந்து, கடைசியில் கையை எடுத்தாலும் நிற்கும். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஸ்பிரிங். அது எப்போதும் நடுவுக்கே திரும்பும், பாரம் என்று ஒன்று இல்லை. செஸ்னா 172 கடைசி இறக்கத்தில் 65 நாட்டில் வரும்போது உட்காருமிடத்தில் உணர்வது, வெயிலில் தரைச்சூடு தூக்கிப்போடுவது, இவையெல்லாம் மேசையில் கிடையாது. ஆனாலும் வீட்டில் இருப்பதை நான் விற்கவில்லை. தனியாக வெளியூர் பறக்கப் போகும் முந்தைய இரவு அந்தப் பாதையை ஒருமுறை ஓட்டிவிடுவேன். எந்த ஏரிக்கு அப்புறம் எந்த ரயில் பாதை என்பது காலையில் மனதில் நிற்கும்.

புதுவரவு (நாமக்கல்):

அண்ணா, எல்லாம் படித்தேன். என்னிடம் சாதாரண லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது. இதை வைத்துத் தொடங்கலாமா, காசு சேர்த்த பிறகு வரட்டுமா?

ஓடுபாதை07 (சேலம்):

தம்பி, இன்றைக்கே தொடங்கு. ஃப்ளைட்கியர் இலவசம், 1997-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. பழைய லேப்டாப் என்றால் கிராபிக்ஸ் அமைப்பைக் குறைத்து வைத்துக்கொள். சுழலும் கைப்பிடி உள்ள சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று போதும், அந்தச் சுழற்சியே ரடருக்கு (வால் சுக்கான்) ஆகும். பெடல், யோக் என்கிற ஸ்டீயரிங், மூன்று திரை எதுவும் இப்போது வேண்டாம். செஸ்னாவில் ஏறி, ஆயிரம் அடியில் ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவதை மட்டும் பழகு. பத்துக்கு எட்டு தடவை விமானம் முழுசாக நின்றதென்றால் உனக்கு ஒரு வேலை தருகிறேன்.

சேலம் விமான நிலையத்தில் கிளம்பி நேர் மேற்கே போ, மேட்டூர் அணை வரும். அங்கிருந்து ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டுக் காவிரியைப் பிடித்துக்கொள். பவானியில் இன்னொரு ஆறு வந்து சேரும், அதன் பின்னால் போய்விடாதே. ஈரோடு, கரூர்ப் பக்கம் தாண்டி முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவது தெரிந்ததும் தென்கிழக்கே திரும்பினால் சில நிமிடங்களில் திருச்சி விமான நிலையம், ஓடுபாதை 09 அல்லது 27, காற்றைப் பார்த்து எடுத்துக்கொள். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு எந்த இடத்தில் ஆற்றைத் தவறவிட்டாய் என்று இங்கே எழுது. கரூருக்கு முன்னால் என்றுதான் நினைக்கிறேன்.