பழைய ஹோபி 16 வாங்கலாமா? மேல்தளம் அமுங்குகிறது

வணக்கம். பழைய பீச் கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட சிறிய பாய்மரப் படகு) ஒன்று தேடுகிறேன். பட்ஜெட் 3,000 வெள்ளி. நானும் பதின்ம வயது மகளும் சிங்கப்பூர் பெடோக் நீர்த்தேக்கத்தில் ஓட்டத்தான்; அனுமதி பற்றித் தனியே விசாரித்து வருகிறேன்.

கிடைத்திருப்பது 1990களில் செய்த ஹோபி 16. பாய் சுமார், கயிறுகளை மாற்ற வேண்டும், அது பரவாயில்லை. கவலையெல்லாம் இடது பக்க உடலில்தான். பாய்மரத்துக்கு முன்னால் மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்குகிறது. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடங்களில் டக் டக்கென்று கேட்கிறது, அங்கே மட்டும் மந்தமான சத்தம். ஃபைபர்கிளாஸ் உள்ளேயிருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கும் போல. வடிகால் மூடியைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. விற்பவர் வெயிலில் கிடந்ததால் அப்படி என்கிறார். பழுதுபார்க்கும் கடையிலோ படகைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார்களாம்.

அப்புறம் எடை. படகே 145 கிலோ, நாங்கள் இருவரும் சேர்ந்து 115தான். கவிழ்ந்தால் நிமிர்த்த முடியுமா என்று பயமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உடல் கொண்ட 13 அடி ஹோபி வேவ் எளிது என்கிறார்கள், ஆனால் இந்த விலைக்கு இங்கே கண்ணில் படவில்லை.

இப்படி அமுங்கும் இடத்தில் துளையிட்டு எப்பாக்சி பசை செலுத்திச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: இதையே வாங்கலாமா, வேவ் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?