படிவத்த ஒன்லைனில அனுப்பிப்போட்டு "எல்லாரும் ஒன்லைனுக்குத் தயார்" எண்டு சொல்றது என்ன நியாயம்?

படுவான்கரைப் பிள்ளை, இரவு 8.10

நேத்து இதே இடத்தில 'விரிவுரை மேசை' எண்ட பேரில ஒரு சேர் எழுதியிருந்தார். தன்ட பாடத்துப் பிள்ளைகள் இணையவழிக் கற்றலுக்குத் தயாரா எண்டு பாக்க ஒரு கூகுள் படிவம் போட்டாராம். நிரப்பின எல்லாரும் போன் இருக்கு, சிக்னல் இருக்கு, சூம் பாவிக்கத் தெரியும் எண்டு போட்டிருக்காங்களாம். "இனிமேல் சிக்னல் இல்லை என்று ஒருவரும் சாட்டுச் சொல்ல முடியாது" எண்டு முடிச்சிருந்தார். வாசிச்ச நேரத்தில இருந்து எனக்குச் சோறு இறங்கல்ல.

சேர், ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அந்தப் படிவம் எப்படிப் போன? வட்ஸ்அப் குறூப்பில, லிங்கா. சிக்னல் இல்லாத பிள்ளை அத எங்க நிண்டு நிரப்பும்? "வகுப்புக்கு வராத ஆக்கள் கைய உயத்துங்க" எண்டு கேட்டுப்போட்டு, ஒருத்தரும் உயத்தல்ல, எல்லாரும் வந்திருக்காங்க எண்டு எழுதின மாதிரித்தான் இது.

2020 மார்ச்சில கொரோனாவால கம்பஸ் மூடினோடன ஊருக்கு வந்த நான். எங்கட வீடு வெல்லாவெளிப் பக்கம், வயலுக்கு நடுவில. வளவுக்க நிண்டா ஒரு கோடு, மழைக்கு அதுவுமில்ல. அண்ணன்ட போன சொப்பிங் பேக்கில போட்டு மாமரக் கொப்பில கட்டி ஹொட்ஸ்பொட்ட இயக்கி விட்டுட்டு, கீழ பாயப் போட்டு என்ட போனில வகுப்பக் கேப்பன். காத்தடிச்சா பேக் சுத்தும், சேர்ட குரல் அறும். அப்ப எங்களுக்கும் இப்படி ஒரு படிவம் வந்த. நான் லிங்க அமத்தினது அது மூடி மூணு நாளைக்குப் பிறகு. "பதில்கள் ஏற்கப்படுவதில்லை" எண்டு காட்டிச்சு. அந்தக் கணக்கில நான் இல்ல.

விரிவுரை மேசை, இரவு 8.41

தங்கச்சி, உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். அந்தக் கேள்விகள் நான் கனவில் கண்டவை அல்ல. ஹங் முதலான 4 ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட அளவுகோல் அது. 18 கூற்றுகள், தாய்வானில் 1051 மாணவர்களிடம் சோதிக்கப்பட்டது. சுயமாகப் படித்தல், கற்கும் ஊக்கம், கணினியிலும் இணையத்திலும் தன்னம்பிக்கை, கற்றலைத் தானே கட்டுப்படுத்துதல், இணையத்தில் தயங்காமல் தொடர்பாடுதல் என்று 5 பக்கங்களைப் பார்க்கிறது. சிக்னல், போன் பற்றிய கேள்விகள் நானாகச் சேர்த்தவை. தயார்நிலை என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துவிட்டுப் பிறகு சண்டை பிடிக்கலாமே.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 8.55

அந்த 1051 பேரும் ஏற்கனவே ஒன்லைன் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆக்கள் சேர். 5 ஒன்லைன் பாடத்துப் பிள்ளைகள். அவங்களிட்ட ஒன்லைனில கேக்கலாம். நீங்க கேட்டது வாகரையில இருக்கிற பிள்ளையிட்ட, கரடியனாத்தில இருக்கிற பிள்ளையிட்ட.

இன்னொண்டு. அதே ஆய்வில கணினி, இணையத் தன்னம்பிக்கை உயர்வா வந்த. குறைஞ்சு வந்தது சுயமாப் படிக்கிறதும், கற்றலத் தானே கட்டுப்படுத்துறதும். மேல் வருசப் பிள்ளைகளவிட முதலாம் வருசம் பின்னுக்கு நிண்டதா அதிலயே இருக்கு. அப்ப சூம் திறக்கத் தெரிஞ்ச உடனே பிள்ளை தயார் எண்டு ஆகுமா? முதலாம் வருசத்துக்கு நீங்க என்ன உதவி செய்யப் போறீங்க எண்டு ஒரு வரி எழுதினீங்களா? எழுதல்ல. சாட்டுச் சொல்லாதீங்க எண்டு மட்டும் எழுதினீங்க.

திரும்பக் கேக்கிறன். படிவம் எப்படிப் போன?

மட்டுநகரான், இரவு 9.02

டிக்டொக்குக்கு சிக்னல் இருக்கு, லெக்சருக்கு மட்டும் இல்ல. இந்தக் கதைய 2020 இல இருந்து கேக்கிறம். எங்கட பெட்சில கெமராவ நிப்பாட்டிட்டு நித்திர கொண்டவங்க எத்தின பேர். சேர் பேரக் கூப்பிட்டா "மைக் வேல செய்யுதில்ல" எண்டு எழுதுவாங்க. மாமரக் கதை நல்லா இருக்கு, நாடகத்துக்குச் சரி.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 9.10

மட்டக்களப்பு டவுணுக்க வைபைக்குப் பக்கத்தில இருந்து கதைக்க லேசு. ஒரு மணித்தியாலச் சூம் வீடியோவோட ஓடினா ஒரு ஜிபிக்குக் கிட்டப் போகும். ஒரு நாளைக்கு மூணு வகுப்பு. அப்ப மகாபொல உதவிப்பணம் மாசம் 5,000 ரூபா, அதில வீட்டுக்கும் குடுக்க வேணும். கெமராவ நிப்பாட்டினது நித்திர கொள்ள இல்ல, டேட்டாவ மிச்சம் பிடிக்க. சில புள்ளைகள் நிப்பாட்டினது பின்னால தெரியிற வீட்டுக்கு. அது உங்களுக்கு விளங்கா.

ஒலுவில் காற்று, இரவு 9.24

ஒண்டச் சரியாச் சொல்லோணும். 2020 இல டேட்டா இலவசமாத்தான் தந்தாங்க. கம்பஸுகள இணைக்கிற லேர்ன் வலையமைப்பு வழியா, பாடம் போடுற கம்பஸ் மூடில் தளத்துக்கும் அவங்கட சூமுக்கும் காசு போகல்ல. அத மறைக்கப்படாது.

ஆனா தங்கச்சி சொல்றதிலயும் விசயம் இருக்கு. எங்கட லெக்சரர் ஒராள் பாடத்த யூடியூப்பில போட்டுட்டு லிங்க மூடிலில வெச்சார். மூடில் இலவசம், யூடியூப் இலவசமில்ல. நோட்ஸ் எல்லாம் வட்ஸ்அப்பில. அதுவும் இலவசமில்ல. ஆருக்கும் அத எடுத்துச் சொல்லத் தோணல்ல.

மட்டுநகரானுக்கு: போன மாசம் நீங்க எங்கட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்த, ஒலுவில "நேத்து முளைச்ச கம்பஸ்" எண்டு எழுதினத்த நான் மறக்கல்ல. இண்டைக்கும் அதே வாய்.

மட்டுநகரான், இரவு 9.31

உண்மையத்தானே எழுதின. வந்தாறுமூலையில இருக்கிற எங்கட கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல கல்லூரியாத் தொடங்கி 86 இல பல்கலைக்கழகம் ஆன. ஒலுவில் 95. கணக்குப் பாருங்க காக்கா.

ஒலுவில் காற்று, இரவு 9.38

95 இல ஏன் வந்த எண்டும் படிச்சிட்டு வாங்க. யுத்தத்தால எங்கட பிள்ளைகளுக்குப் படிக்கப் போக இடமில்லாத நேரத்தில வந்த கம்பஸ் அது. வாப்பா வயலில நிண்டு அந்தச் செய்தியக் கேட்டு அழுததா உம்மா சொல்லுவா. வயசக் காட்டி எங்கள நக்கலடிக்க வேணாம்.

விரிவுரை மேசை, இரவு 9.45

தலைப்புக்கு வாருங்கள். நான் மூன்று தடவை நினைவூட்டல் அனுப்பினேன்.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 9.47

நினைவூட்டல் எப்படிப் போன?

விரிவுரை மேசை, இரவு 9.52

வட்ஸ்அப்பில்தான். பின்னே புறாவிலா அனுப்புவது?

கல்லடி வாத்தியார், இரவு 10.05

மனே, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நான் திறந்த பல்கலைக்கழகத்தில படிச்சவன். அது 1980 இல இருந்து தூரத்தில இருக்கிற ஆக்களுக்குப் படிப்பிக்குது. அப்ப ஏது சூம்? அச்சடிச்ச பாடப் புத்தகம் கைக்கு வரும், குப்பி விளக்கில வாசிச்சம். சந்தேகத்தக் குறிச்சு வெச்சு, நேரடி வகுப்பு நாளில மட்டக்களப்பு நிலையத்துக்குப் போய்க் கேட்டம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர்மம் இல்ல. அதுதான் குறை.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 10.14

ஐயா, கோவிக்க வேணாம். நீங்க சொன்னதே எனக்குச் சாட்சி. உங்களுக்குப் புத்தகம் கைக்கு வந்த. ஒங்களிட்ட இருக்கிறத வெச்சுப் படிப்பிச்சாங்க. எங்களுக்கு 2020 இல அப்படி ஒண்டும் வரல்ல. 2022 மார்ச் 31 இல 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டினாங்க. கரன்ட் போய்க் கொஞ்ச நேரத்தில டவரும் படுத்திரும். அண்டைக்கு அசைன்மன்ட் அனுப்ப ராத்திரி 12 மணி கடைசி. குளக்கட்டுக்கு ஏறினாத்தான் சிக்னல், ஆனா யானைக்குப் பயத்தில அம்மா விடல்ல. எங்கட பாடத்துச் சேர்ட்ட அடுத்த நாள் சொன்னா, "கடைசி நாள் எல்லாருக்கும் தெரியும்தானே" எண்டார். 10 புள்ளி போன. அதே வருசம் ஜூனில எரிபொருள் இல்ல எண்டு மறுகா ஒன்லைன். ஒரு படிவம் கூட அப்ப வரல்ல.

ஓர்மம் இல்லாமலா குளக்கட்டில குடையப் பிடிச்சு மடியில கொப்பி வெச்சு எழுதின?

மட்டுநகரான், இரவு 10.20

குளக்கட்டில சிக்னல் இருக்கு எண்டு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப படிவத்த அங்க நிண்டு நிரப்பியிருக்கலாமே. முடிஞ்சுது கதை.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 10.24

நிரப்பலாம். "சிக்னல் இருக்கா?" எண்ட கேள்விக்கு, குளக்கட்டில நிக்கக்குள்ள "ஓம்" எண்டுதான் வரும். அதுதான் நான் சொல்ற பிழை. வீட்டில இருக்கா எண்டு கேக்கல்ல. போன் ஆர்ட எண்டு கேக்கல்ல. என்ட அண்ணன் மேசன் வேலைக்குப் போனா அந்தப் போனும் போகும். "போன் இருக்கா?" ஓம். எத்தின மணிக்கு இருக்கும்?

ஒலுவில் காற்று, இரவு 10.33

இதுதான் சரியான கேள்வி. எங்கட வீட்டிலயும் மூணு பேருக்கு ஒரு போன். ராத்தாட பிள்ளைக்கு ஸ்கூல் வகுப்பு, எனக்கு லெக்சர், ரெண்டும் ஒரே நேரம். ஆனா கெமரா விசயத்தில நான் சேரோட பக்கம். முகம் தெரியாம ஒரு மனிசன் எப்படிப் படிப்பிக்கிற?

படுவான்கரைப் பிள்ளை, இரவு 10.36

கெமராவப் பத்தி நான் கதைக்க வரல்ல காக்கா.

விரிவுரை மேசை, இரவு 10.50

குறை சொல்வது எளிது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? 80 பேருக்கும் தபால் போடவா? நான் தபால்காரன் அல்ல.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 11.08

கேட்டீங்க, சொல்றன். ஒவ்வொரு பெட்சுக்கும் பிரதிநிதி இருக்காங்க. 8 பிள்ளைகளுக்குப் பத்துப் பத்துப் பேரப் பிரிச்சுக் குடுங்க. சாதாரண கோல் எடுக்கட்டும், ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் கோல் போகும். மூணு நிமிசம். போன் ஆர்ட, எத்தின மணிக்குக் கையில இருக்கும், எங்க நிண்டா சிக்னல், வீட்டில இருந்து படிக்க இடம் இருக்கா. இது போதும். முதல் நாள் கம்பஸில பதிவுக்கு வரக்குள்ளயே தாளில கேட்டாலும் சரி.

மறுகா, பாடத்தக் குரலா மட்டும் பதிஞ்சு போடுங்க. குறைஞ்ச தரத்தில, 32 கேபிபிஎஸ்ல பதிஞ்சா ஒரு மணித்தியாலம் 15 எம்பிக்குள்ள அடங்கும். குளக்கட்டில அஞ்சு நிமிசம் நிண்டு இறக்கிட்டு வீட்ட போய்க் கேக்கலாம். நேரடி வகுப்புக்கு வந்தாத்தான் 80 வீத வரவு எண்டு பிடிக்காதீங்க. முதலாம் வருசத்துக்குக் கிழமைக்கு ஒருக்கா, இந்தக் கிழமை என்ன படிக்கோணும் எண்டு ஒரு பக்கத்தில எழுதிக் குடுங்க. தானாப் படிக்கிற பழக்கம் ஏஎல் ரியூசனில இருந்து வாற பிள்ளைக்கு ஒரு நாளில வராது.

எல்லாத்துக்கும் முதல், ஆர் ஆர் படிவத்த நிரப்பல்ல எண்டு பேரப் பாருங்க. பதில் வந்த பிள்ளைகள்ட பட்டியல விட, வராத பட்டியல்தான் உங்களுக்கு வேணும்.

மட்டுநகரான், இரவு 11.15

இவ்வளவு நீளமா எழுதச் சிக்னல் எங்கால?

படுவான்கரைப் பிள்ளை, இரவு 11.16

இப்ப நான் கல்முனையில வேல செய்றன். என்ட தங்கச்சி இன்னும் அந்த வீட்டிலதான்.

கல்லடி வாத்தியார், இரவு 11.20

கோல் எடுக்கிற யோசனை நல்லது. ஆனா ஓர்மம் வேணும் எண்டதில மாற்றமில்ல.

விரிவுரை மேசை, இரவு 11.34

ஆலோசனைகளுக்கு நன்றி. என் முறையில் தவறு இருப்பதாக நான் கருதவில்லை. இருந்தாலும் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகப் படிவத்தை மீண்டும் திறந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை நேரம். சிக்னல் இல்லாதவர்கள் நிரப்பட்டும். குறூப்பில் லிங்க் போட்டாயிற்று.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 11.36

லிங்கா சேர்?

மட்டுநகரான், இரவு 11.37

மறுகா தொடங்கிட்டா.

படுவான்கரைப் பிள்ளை, இரவு 11.39

ஓம், தொடங்குவன். வெள்ளிக்கிழமை முடிஞ்சாலும் வந்து கேப்பன். படிவம் எப்படிப் போன?