முதியோர் இல்லத்துக்கு இடம் பார்த்தபோது எடுத்த சத்தம், தூசிக் கணக்கு: உங்கள் அனுபவம் என்ன?

சத்துவாச்சாரி மகள்:
அம்மாவைச் சேர்த்த இல்லம் பைபாஸ் சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பேர் வேண்டாம். சேர்க்கும்போது, "சவுண்ட் டெஸ்ட் எடுத்துத்தான் கட்டினோம்" என்று ஒரு தாளைக் காட்டினார்கள். 54 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு 55 என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். அது பகல் வரம்பு, இரவுக்கு 45 என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாளில் இரவுக் கணக்கே இல்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு ராத்திரி கூடத் தங்கினேன். இரண்டரை மணி இருக்கும். பெங்களூர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. அம்மா எழுந்து உட்கார்ந்து காதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "மெஷினைக் கழட்டி வச்சிட்டேனே, இன்னும் எதுக்குடி கேக்குது?" என்றாள். காது மெஷின் மேஜைமேல் டப்பாவில் இருந்தது. கட்டில் கம்பியில் கை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்தது. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். வேறென்ன செய்வது?

மீட்டர் தூக்கினவன்:
பைபாஸ் ஓரத்தில் 54 வராதுங்க. பின்பக்கக் காம்பவுண்டில் வைத்து எடுத்திருப்பார்கள். மூன்று வருஷம் இந்த வேலை பார்த்தவன் நான்.

காட்பாடிப் பக்கம் ஒரு காலி மனை, முதியோருக்கு அறைகள் கட்டப் போகிறார்கள். தூசி மெஷினை 24 மணி நேரம் ஓட்ட வேண்டும். மனைக்காரர் வந்து, "தம்பி, மாமரத்துக்குப் பின்னால வச்சிடு, கரண்ட் அங்கதான் இருக்கு" என்றார். வைத்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒயரை இழுத்து, ஜல்லி லாரி போகும் மண் ரோட்டோரம் ஓட்டினேன். காலையில் ஃபில்டர் பேப்பரை எடுத்தால், டீ வடிகட்டின துணி மாதிரி இருந்தது. ரிப்போர்ட்டில் போனது முதல் நாள் தாள். இரண்டாவது தாள் இன்னும் என் டைரியில் இருக்கிறது.

இராணிப்பேட்டைக்காரன்:
மீட்டர் நண்பரே, டைரியில் வைத்து யாருக்கு என்ன பயன்? அன்றைக்கே வெளியே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் நைனாவுக்கு வீசிங். நாங்கள் பார்த்த இல்லத்தில் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. சாயங்காலம் காற்று திரும்பியது, தோல் பதனிடும் டேனரியின் வாடை. நைனா இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. தூசியை எடை போடும் மெஷினுக்கு வாடை எப்படித் தெரியும்?

இடம் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே நாள் கணக்கை ஏற்காதீர்கள், மழை பெய்த மறுநாள் எடுத்தால் தூசி அடங்கியிருக்கும். பிஎம் 2.5 என்கிற மிக நுண்ணிய தூசிக்கு நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 60 மைக்ரோகிராம்; கொஞ்சம் பருத்த தூசியையும் சேர்த்த பிஎம் 10-க்கு 100. இவை 2009-இல் எல்லோருக்கும் பொதுவாக வைத்தவை, மூச்சு வாங்கும் எண்பது வயதுக்காரருக்கென்று வைத்தவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5-க்குச் சொன்னது 15. சத்தத்தில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஒரு ஏர் ஹாரன் ராத்திரி முழுவதற்குமான சராசரியில் கரைந்துபோகும், ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். உச்ச அளவையும் கேட்டு வாங்குங்கள். சமையல்கட்டு, ஸ்டோர், மாடிப்படி எல்லாம் ரோட்டுப் பக்கம் இருக்கட்டும், படுக்கை அறைகள் பின்னால் போகட்டும். ஒரு வரிசை வேப்பமரம் வைத்தால் சத்தம் நின்றுவிடும் என்பார்கள், நிற்காது. காம்பவுண்டுச் சுவர் தரைத்தளத்துக்கு உதவும், மாடி அறைக்கு உதவாது. ஜன்னலை மூடிக்கொள்ளலாம் என்றால், நம்ம ஊர் மே மாத வெயிலில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மீட்டர் தூக்கினவன்:
சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரிடம் சொல்வது? அன்றைக்கு அது வெறும் மனை. அங்கே படுக்கப்போகும் பெரியவர்கள் யாரென்று எனக்கும் தெரியாது, மனைக்காரருக்கும் தெரியாது.

பழைய வடஆற்காடு:
ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. முதியோர் இல்லம் அந்த வரிசையில் பேர் சொல்லி இல்லை. எங்கள் தெரு இல்லத்துக்கும் அப்படி அறிவிக்கக் கேட்டு மனு எழுதினோம். ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது வைக்கிற ஸ்பீக்கரையும் அதில் சேர்த்தோம். கையெழுத்து வாங்கப் போனால் ஒரு பாட்டி பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆத்தா பாட்டு கேக்கட்டும்பா. லாரிய மட்டும் எழுது." ஸ்பீக்கர் வரியை அடித்துவிட்டு மறுபடி நீட்டினேன், போட்டார்.

சத்துவாச்சாரி மகள்:
சண்டை போட்டு அம்மாவைப் பின்பக்க அறைக்கு மாற்றிவிட்டேன். லாரிச் சத்தம் குறைந்திருக்கிறது. ஜெனரேட்டர் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது, ஓடினால் புகை நேராக உள்ளே வருகிறது. மீட்டர் அண்ணா, ஒரு ராத்திரி வந்து இரண்டு பக்கமும் அளந்து தர முடியுமா? இரண்டு மணிக்கு வாருங்கள், கேட்டில் நிற்கிறேன்.