நிச்சயத்தில் மாலை மாற்றினால் கே-1 விசாவுக்குச் சிக்கலா?

வைகைக்கரை:
தங்கைக்குத் தை மாதம் மதுரையில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை டெக்சாஸ், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். கல்யாணத்தை அங்கே கோயிலில் வைத்துக்கொள்ளலாம், கே-1 (அமெரிக்கரை மணக்கப் போகிறவருக்கான விசா) போடுகிறோம் என்கிறார்கள். நிச்சயத்திலேயே மாலை மாற்றி மோதிரம் போடுவது எங்கள் வழக்கம். அந்தப் போட்டோவால் பிரச்சினை வருமா? அல்லது இங்கேயே தாலி கட்டிவிட்டு, பதிவு மட்டும் செய்யாமல் கே-1 போடலாமா?

ஆவணப்பெட்டி:
தாலி கட்டிவிட்டால் கே-1 கிடையாது. அது கல்யாணம் ஆகாதவர்களுக்கான விசா. ரெஜிஸ்டர் பண்ணவில்லை என்ற சமாதானம் எடுபடாது. சடங்கு முறைப்படி நடந்தாலே இந்து திருமணச் சட்டப்படி திருமணம் செல்லும், பதிவு அதற்கு அத்தாட்சிதான்.

மாலை விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967-ல் இங்கே அதே சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலையிட்டாலோ, விரலில் மோதிரம் அணிவித்தாலோகூடத் திருமணம் ஆகலாம். புரோகிதரும் வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை. நிச்சயம் வேறு, கல்யாணம் வேறு என்று நீங்கள் வாதாடலாம்தான். ஆனால் பட்டுப்புடவை, மாலை, மணமேடை, பின்னால் கூட்டம் என்று ஒரு போட்டோவைப் பார்த்து இன்டர்வியூ அதிகாரி "இது கல்யாணமேதான்" என்று முடிவுகட்டினால், மனு யுஎஸ்சிஐஎஸ்-க்கே (அமெரிக்கக் குடியேற்றத் துறை) திரும்பிப் போய்விடும். மாதக்கணக்கான காத்திருப்பு வீண்.

எனவே தட்டு மாற்றி, லக்னப் பத்திரிகை வாசிப்பதோடு நிறுத்துங்கள். மோதிரம் போட்டே தீர வேண்டுமென்றால் மாலை இல்லாமல், வகிட்டுக் குங்குமம் இல்லாமல். மேடைக்குப் பின்னால் ஒட்டும் தெர்மாகோல் எழுத்தில் "நிச்சயதார்த்தம்" என்பது எல்லாப் படத்திலும் தெரியட்டும். நடந்ததை மறைத்து, பிறகு தெரியவந்தால் பொய்த் தகவல் என்று பதிவாகும். அது நிரந்தரத் தடை வரை போகும்.

கவுண்டிகிளார்க்:
கே-1 போடுவதாக இருந்தால் மனு போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் இருவரும் நேரில் பார்த்திருக்க வேண்டும். வீடியோ கால் கணக்கில் வராது. மாப்பிள்ளையின் போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

கே-1-க்காக மாப்பிள்ளை போடும் ஐ-129எஃப் மனு 675 டாலர் (2024 ஏப்ரல் கட்டணம்). அது தேறியபின் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம், 265 டாலர். பாஸ்போர்ட் அலுவலக பிசிசி (போலீஸ் நற்சான்று), தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மெடிக்கல், மாப்பிள்ளையின் ஐ-134 வருமான உறுதி. விசா கைக்கு வரும்வரை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

போய் இறங்கிய 90 நாளுக்குள் கல்யாணம், அதற்கு நீட்டிப்பு இல்லை. டெக்சாஸில் முதலில் கவுண்டி கிளார்க்கிடம் மேரேஜ் லைசென்ஸ். வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் முகூர்த்தம். குருக்கள் கையெழுத்திட்ட லைசென்ஸை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு தாலி மட்டும் கட்டினால் கிரீன் கார்டு மனுவில் வைக்கச் சான்றிதழ் இருக்காது. அந்த ஐ-485 மனு 1,440 டாலர், வேலை அனுமதிக்கு மேலும் 260. அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்ப முன் அனுமதி) கிடைக்காமல் இடையில் ஊருக்கு வந்தால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். ஆடிக்கு அழைப்பதெல்லாம் அந்த வருஷம் மறந்துவிடுங்கள்.

கொங்குநாடன்:
என்னைக் கேட்டால் மதுரையிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டு ஐ-130 (மனைவிக்கான குடியேற்ற மனு) போடுவதே மேல். ஆன்லைனில் மனு 625, பிறகு விசா கட்டணம் 325, வருமான உறுதிப் பத்திரம் 120, கிரீன் கார்டு கட்டணம் 235: மொத்தம் 1,305 டாலர். கே-1 வழியில் வேலை அனுமதி சேர்க்காமலே 2,380 ஆகிறது. இதில் தங்கை நிரந்தரவாசியாகவே போய் இறங்குவார், முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு பிரிந்திருக்க வேண்டிவரும், அது ஒன்றுதான் குறை. தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தவறினால் அபராதத்தோடு இன்னும் 60 நாள் உண்டு.

டூரிஸ்ட் விசாவில் போய்க் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. தங்கை பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. பரவாயில்லையா?

ஆவணப்பெட்டி:
இப்போதே திருத்திவிடுங்கள். அப்படியே விட்டால் விசாவில் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முன்பெயர் இடத்தில் "எஃப்என்யூ" (முன்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு சோஷியல் செக்யூரிட்டி, டிரைவிங் லைசென்ஸ், பேங்க் என்று எல்லா இடத்திலும் அதே தலைவலி. அப்பா பெயரை விரித்தெழுதி சர்நேமாகச் சேர்த்து, புது பாஸ்போர்ட் வந்த பிறகு மனுவைப் போடுங்கள்.